மறுமொழி: முழங்காலா, முடக்கா?

வணக்கம்.

விண்மீன்களின் மூலக அளவைக் காட்டும் வரைபில் கோடு வளையும் இடத்துக்குப் போன மடலில் மதுரை ஐயா ‘முழங்கால் புள்ளி’ என்று எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் அப்படித்தான். ஆனால் மட்டக்களப்பில் ரோட்டு வளையும் இடம் முடக்கு. ‘அந்த முடக்கில நிப்பாட்டுங்க’ என்றுதான் ஆட்டோக்காரரிடம் சொல்வோம். ஆகவே என் முன்மொழிவு: அல்பா முடக்கு.

வரைபைப் பாருங்கள். கிடையச்சில் ஐதரசனோடு ஒப்பிட்ட இரும்பு. நிலைக்குத்தச்சில் இரும்போடு ஒப்பிட்ட மகனீசியம், கல்சியம் போன்ற அல்பா மூலகங்கள். பெரிய விண்மீன்கள் பிறந்து சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து அல்பா மூலகங்களை அள்ளிக் கொட்டிவிடும். கூடவே கொஞ்சம் இரும்பும் வரும். இரண்டின் விகிதம் மாறாததால் கோடு மட்டமாகப் போகும். எரிந்து முடிந்த சிறிய விண்மீன்களின் மிச்சமான வெண்குறுமீன்கள் வெடிக்கச் சுணங்கும். அவற்றின் இரும்பு வந்து சேரத் தொடங்கியதும் கோடு சரியும். சரியத் தொடங்கும் இடம்தான் முடக்கு.

பால்வீதியில் அது சூரியனின் இரும்பளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில் வருகிறது. 1938இல் வானியலாளர் ஷாப்லி அறிவித்த ‘சிற்பி’ என்ற குறு விண்மீன் மண்டலத்திலோ நூறில் ஒன்றிரண்டு பங்கிலேயே வந்துவிடுகிறது. பஸ் நிலையத்திலிருந்து இருவர் ஒன்றாகப் புறப்படுகிறார்கள் என்று வையுங்கள். போன தூரம்தான் சேர்ந்த இரும்பு, மணி அடிப்பது வெண்குறுமீன்கள் வெடிக்கத் தொடங்கும் நேரம். மணி அடிக்கும்போது சைக்கிள்காரர் கல்லடிப் பாலத்தைத் தாண்டியிருப்பார். நடந்தவர் பாதி வழிகூட வந்திருக்க மாட்டார். பால்வீதி சைக்கிள்காரர், சிற்பி நடந்து போனவர். சிற்பியில் விண்மீன்கள் மெதுவாகப் பிறந்தன, வாயுவும் வெளியே போனது. மணி அடித்தபோது சேர்ந்திருந்த இரும்பு கொஞ்சம்தான்.

வானியலில் ஐதரசன், ஈலியம் தவிர்ந்த எல்லா மூலகங்களின் அளவையும் குறிக்கும் ‘உலோகத்தன்மை’ பற்றியும் ஒரு சொல். ஒட்சிசனை அல்லுலோகம் என்று படித்த பிள்ளையிடம் அதையும் உலோகக் கணக்கில் சேர் என்றால் எப்படி? ‘பாரமூலக அளவு’ போதும். அதற்குத் தனி இழை திறப்போம்.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னைக் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இங்கிருந்து இன்னொரு சொல்லும் அங்கே போகட்டுமே!

—

மட்டக்களப்புத் தம்பிக்கு,

விளக்கம் நன்று. ஆனால் எங்கள் பக்கம் முடக்கு என்றால் முடக்குவாதம்தான் நினைவுக்கு வரும். ‘கோடு முடங்கியது’ என்று எழுதினால், நின்றே போய்விட்டது என்று படிப்பார்கள். ‘திருப்பம்’ போதாதா?

—

ஐயா,

திருப்பம் என்றால் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம், கதையிலும் வரும். முடக்கைப் பெயராக மட்டும் வைப்போம். வினைக்கு ‘சரிகிறது’ இருக்கிறது. வாதத்துக்கு முடக்கொத்தான் ரசம் வைத்துக் குடியுங்கள், முழங்காலுக்கும் நல்லதாம்.