கொக்குவில் வளவு குழு: அப்பப்பாவின் ஒஸ்ரின் கார்

இந்து மாமி: எல்லோரும் சுகமா? கொக்குவிலில் பெரிய வெடிச் சத்தம் கேட்டதாம். எங்கள் கோப்பாய்க் குழுவில் நாலு பேர் போட்டுவிட்டார்கள்.

ரொறன்ரோ சித்தப்பா: என்ன வெடி? அண்ணை, போனை எடுங்கோ

கண்ணன்: வெடி இல்லை மாமி. எங்கள் ஒஸ்ரின்தான். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஸ்ரார்ட் பண்ணிப் பார்த்தேன்.

அம்மா: அப்பம்மா குசினி நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டா. எழுப்பி இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன். கை இன்னும் நடுங்குகிறது.

இந்து மாமி: ஐயோ

கண்ணன்: அவவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவவுக்கு போர்க்கால நினைவு வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பிழை என்னுடையது.

ரொறன்ரோ சித்தப்பா: அந்தக் காரில் ஏன் கை வைத்தாய்?

கண்ணன்: சின்னக்கா அதில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்கிறா. சைலன்சர் உக்கி ஓட்டை விழுந்து, தகரத்தைத் தட்டுகிற மாதிரிச் சத்தம். அதோடு பொம்பிளையை ஏற்றிக்கொண்டு போக முடியுமா சித்தப்பா? வீட்டிலேயே நல்ல சத்தமாக மாற்றலாம் என்று தொடங்கினேன்.

சின்னக்கா: ஓம். வாடகைக் கார் எனக்கு வேண்டாம்.

இந்து மாமி: வெள்ளிக்கிழமை தாலிக்குப் பொன்னுருக்கு. இணுவிலுக்கு நாங்கள் எதில் போகிறது?

பெரியப்பா: தம்பி கண்ணன், ஆறுதலாக வாசி. சைலன்சர் இல்லாததால் சத்தம் பெரிதாகக் கேட்டது, சரி. ஆனால் வெடித்ததற்குக் காரணம் வேறு. எஞ்சினிலிருந்து புகைக்குழாய் தொடங்குகிற மூட்டில் காஸ்கற், அதாவது இடையில் வைக்கிற அடைப்புத் தகடு, போயிருக்கும். அதற்குள்ளால் வெளிக்காற்று இழுபடும். அக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கும்போது எரியாத பெற்றோல் கொஞ்சம் குழாய்க்குள் வரும். சூட்டுக் குழாய்க்குள் காற்றும் பெற்றோலும் சேர்ந்தால் அங்கேயே பற்றி வெடிக்கும். முதலில் அந்தக் காஸ்கற்றை மாற்று. சத்தத்தைப் பிறகு பார்ப்போம்.

அருள்: மச்சான், அகலமான குழாயாகப் போடு. சும்மா அதிரும்

கண்ணன்: கிணற்று மோட்டருக்குப் போட்டு மிஞ்சின இரண்டு அங்குல ஜீஐ குழாய் கிடக்கிறது. வெல்டிங் பிளாண்டும் இரவல் வாங்கி வைத்திருக்கிறேன்.

பெரியப்பா: அதைத் தொடாதே. ஜீஐ குழாயில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும்தான். சீமெந்து ஆலை வேர்க்சொப்பில் என்னோடு நின்ற பெடியன் அப்படிக் கிடந்ததைக் கண்ணால் கண்டவன் நான். இன்னொன்று, அது 1200 சிசி எஞ்சின். அகலமான குழாய் போட்டால் புகையின் வேகம் குறைந்து சத்தம் வெறுமையாகிவிடும். இருக்கிற குழாயின் அளவிலேயே சாதாரண இரும்புக் குழாய் எடு. பெற்றோல் ராங் பின்பக்கம் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் கழற்றி முற்றத்தில் வைத்து ஒட்டு. காருக்கு அடியில் கிடந்து ஒட்டாதே.

இந்து மாமி: பலகாரச் சூட்டுக்கு எத்தனை பேர் வருகிறீர்கள்? பயற்றம் உருண்டைக்கு மாவு வறுக்க வேண்டும்.

பெரியம்மா: நான் வருவேன்

ரொறன்ரோ சித்தப்பா: 95இல் மண்ணெண்ணெயில் ஓடின காலத்திலேயே அந்தச் சைலன்சர் கரியால் அடைந்து போனது. சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்த ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனோமே. அதாவது, நீங்கள் காரில். எனக்கு இடம் இல்லை. தையல் மெஷினுக்கு இடம் இருந்தது.

பெரியம்மா: அந்த மெஷினில் தைத்த காசும் சேர்த்துத்தான் உங்களை வெளியில் அனுப்பினோம் தம்பி.

இந்து மாமி: இப்போது அந்தக் கதை வேண்டாம். கல்யாண வீடு.

அம்மா: அப்பம்மா பக்கத்தில் இருந்து சொல்லுகிறா. அப்பப்பாவின் கார் ஒழுங்கை முகப்பில் திரும்பும்போதே கேட்குமாம். கேட்டவுடன் கேத்திலை அடுப்பில் வைப்பாவாம். உரல் இடிக்கிற மாதிரி, அவசரம் இல்லாத சத்தமாம்.

சின்னக்கா: அந்தச் சத்தம்தான் வேண்டும் கண்ணன்

கண்ணன்: பெரியப்பா, அது வருமா?

பெரியப்பா: வரும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் அடிக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் வினாடிக்கு 50 அடி. அந்த அடிச்சத்தத்தை விட்டுவிட்டு மேலே வருகிற கீச்சொலியை மட்டும் சைலன்சர் தின்னவேண்டும். துளை போட்ட குழாயைச் சுற்றி முதலில் இரும்புக் கம்பிப் பஞ்சு, அதன் மேல் கண்ணாடிப் பஞ்சு, வெளியே தகர உருளை. இவ்வளவுதான். கண்ணாடிப் பஞ்சை இறுக்கி அடையாதே. கைக்கு உறை, மூக்குக்குத் துணி. வால் குழாய் பின் பம்பரைத் தாண்டி வெளியே நீள வேண்டும். இடையில் வெட்டி விட்டால் காபனோரொட்சைட்டு காருக்குள் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சாறியும் நகையுமாகக் கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு பிள்ளை உள்ளே இருக்கப் போகிறாள்.

அருள்: 👍

ரொறன்ரோ சித்தப்பா: குழாய்க்கும் காஸ்கற்றுக்கும் காசு நான் போடுகிறேன். அது அப்பாவின் கார். அண்ணி, கோபிக்க வேண்டாம்.

பெரியம்மா: கோபம் இல்லை. கல்யாணத்துக்கு வாருங்கோ. இந்த முறை முன் சீற் உங்களுக்கு.

சின்னக்கா: முன் சீற் அப்பம்மாவுக்கு!

பெரியப்பா: நாளை காலை 7 மணிக்கு வருகிறேன். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதே. மரக்குற்றி வை.

கண்ணன்: சரி பெரியப்பா. பழைய இரும்புக் கடை 9 மணிக்குத்தான் திறக்கும், பார்ப்போம்.

இந்து மாமி: அப்ப வெள்ளிக்கிழமை இணுவிலுக்கு?

அருள்: வான் கேட்டுப் பார்க்கிறேன் மாமி, சொல்ல முடியாது

அம்மா: கண்ணன், நாளைக்கு ஸ்ரார்ட் பண்ண முதல் வந்து சொல்லட்டாம் அப்பம்மா. தானும் முற்றத்தில் நின்று கேட்கப் போகிறாவாம்.