9 வோல்ட் பேட்டரியில் ஷாக் கொடுக்கும் டப்பா செய்யலாமா?

கேள்வி (பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்):
எலக்ட்ரானிக்ஸ் இப்பதான் கத்துக்கிறேன். எல்இடி எரிய வைக்கிற அளவுக்குத் தெரியும். டப்பாவைத் திறந்தா லேசா சுரீர்னு ஷாக் அடிக்கணும், ஹாஸ்டல் பசங்களை ஏமாத்த. 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டா ஒண்ணும் ஆகல. ரிலே வச்சா அடிக்கும்கிறாங்க, அது எப்படி? கொசு பேட் போர்டை எடுத்துப் போடலாமா?

பதில் 1 (ஓசூர்):
கொசு பேட் போர்டு, பழைய கேமரா ஃபிளாஷ் போர்டு ரெண்டையும் தொடவே தொடாதீங்க தம்பி. ஃபிளாஷ் கெபாசிட்டர்ல (சார்ஜைச் சேர்த்து வைக்கிற பார்ட்) 300 வோல்ட் நிக்கும். 100 மைக்ரோஃபாரட்னு வச்சாலும் 4.5 ஜூல். பேட்டரியைக் கழட்டின பிறகும் அது உள்ளேயே இருக்கும்.

ரிலே விஷயம் வேற. ரிலேன்னா உள்ளே காயில் (கம்பிச் சுருள்) வச்ச, கரண்ட்ல இயங்குற சுவிட்ச். காயில்ல 20 மில்லி ஆம்பியர் ஓடிட்டிருக்கும்போது திடீர்னு வயரைப் பிரிச்சா, காயில் அந்தக் கரண்டை நிறுத்த விடாது. காயிலோட ரெண்டு முனையையும் தொட்டிருக்கிற உங்க விரல்தான் அப்ப வழி, அதோட ரெசிஸ்டன்ஸ் 10 கிலோ ஓம்னு வைங்க. அதே 20 மில்லி ஆம்பியரைத் தள்ள 200 வோல்ட் ஏறும். மில்லி செகண்டுக்குள்ள முடிஞ்சிடும், அதனாலதான் சுரீர்னு மட்டும் தெரியுது. 9 வோல்ட்டை நேராத் தொட்டா 1 மில்லி ஆம்பியர்கூட ஓடாது, ஒண்ணும் தெரியாது.

ஆனா இதைத் தெரியாத ஆள் மேல வைக்க நான் சொல்ல மாட்டேன். ரெண்டு கையால டப்பாவைத் திறந்தா கரண்ட் நெஞ்சு வழியாப் போகலாம். பேஸ்மேக்கர் வச்சவங்க, வலிப்பு உள்ளவங்க யார்னு வெளியில தெரியாது. ஷாக்கை விட, கை உதறி எதுல போய் இடிக்குதுங்கிறதுதான் பெரும்பாலும் காயம்.

பதில் 2 (கிருஷ்ணகிரி):
திறந்தா அலறி அதிர்ற டப்பா செய்ங்க, அதுவே தூக்கி வாரிப் போடும். ஏஏ பேட்டரி 3 (4.5 வோல்ட்), 5 மிமீ எல்டிஆர் (வெளிச்சம் பட்டா ரெசிஸ்டன்ஸ் குறையுற பார்ட்), பிசி547 ஒண்ணு, பிசி337 ஒண்ணு (ரெண்டும் ட்ரான்சிஸ்டர்; பேஸ், எமிட்டர், கலெக்டர்னு மூணு கால்), 1 கிலோ ஓம், 47 கிலோ ஓம், 10 ஓம் ரெசிஸ்டர், 1என்4007 டயோடு, 3 வோல்ட் காயின் வைப்ரேஷன் மோட்டார், ஆக்டிவ் பஸ்ஸர் (கரண்ட் கொடுத்தாலே கத்துறது).

பிளஸ்லேர்ந்து எல்டிஆர், அதோட மறுமுனைலேர்ந்து 1 கிலோ ஓம் வழியா பிசி547 பேஸ். எல்டிஆரும் 1 கிலோ ஓமும் சேர்ற இடத்துலேர்ந்து மைனஸுக்கு 47 கிலோ ஓம். 547-ஓட எமிட்டர் 337-ஓட பேஸுக்கு. ரெண்டு கலெக்டரையும் சேர்த்துடுங்க, 337 எமிட்டர் மைனஸுக்கு. பிளஸுக்கும் அந்தக் கலெக்டருக்கும் நடுவுல பஸ்ஸர் நேரா, மோட்டார் 10 ஓம் வழியா. மோட்டாருக்குக் குறுக்கே டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். மேல சொன்ன காயில் உதை மோட்டார்லயும் வரும், டயோடு இல்லேன்னா ட்ரான்சிஸ்டர் போயிடும்.

இருட்டுல எல்டிஆர் மெகா ஓம் கிட்ட இருக்கும், எல்லாம் அணைஞ்சிருக்கும். மூடி திறந்து ரூம் லைட் பட்டா 10, 20 கிலோ ஓமுக்கு இறங்கிடும், உடனே அலறும்.

கேட்டவர்:
நன்றிங்கண்ணா. பிரெட்போர்டுல (சால்டர் இல்லாம செருகிப் பார்க்கிற போர்டு) போட்டேன், மூடி வச்சாலும் கத்துது.

பதில் 2:
மூடி ஓரத்துல வெளிச்சம் கசியும். உள்பக்கம் கறுப்பு டேப் ஒட்டுங்க. அப்பவும் கத்தினா 47-க்கு பதில் 22 கிலோ ஓம். எல்டிஆரைக் கழட்டியும் நிக்கலேன்னா ட்ரான்சிஸ்டர் கால் மாறியிருக்கு. ரெண்டுக்குமே தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால் கீழே இருந்தா இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர்.

பதில் 1:
மோட்டாரோட வயர் முடி மாதிரி இருக்கும், இழுத்தா வேர்லயே அறுந்துடும். சால்டர் பண்ணினதும் வயர் மேல ஒரு சொட்டு ஹாட் க்ளூ வைங்க. மோட்டாரை மூடியில ஒட்டாதீங்க, டப்பா அடியில ஒட்டினாத்தான் கையில பிடிச்சவருக்கு அதிர்வு நல்லாத் தெரியும். பார்ட்ஸ் கிடைக்கலேன்னா தருமபுரிலேர்ந்து ரயில்ல பெங்களூரு போய் எஸ்பி ரோட்டுல பாருங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டை விட உங்களுக்குக் கிட்ட. எல்டிஆர், ட்ரான்சிஸ்டர் ரெண்டும் கூடுதலா வாங்கி வைங்க.