பெயிண்ட் ஷேட் கார்டை நம்பி ஏமாந்த அனுபவம் உண்டா? (பழைய வீடு, வண்டி, மெஷின் எதுவானாலும்)

காரைக்குடி_மரவேலை:
செட்டிநாட்டு வீடு. இரண்டாம் கட்டில் வளவைப் (நடு முற்றத்தைப்) பார்த்த ஜன்னல்களில் மூன்று கதவைக் கரையான் தின்றுவிட்டது. புதுத் தேக்கில் செய்து, மற்ற கதவுகளில் இருக்கும் அதே பழைய பச்சையை அடிக்க வேண்டும். வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்திருந்ததால் கீலைக் கழற்றி, அதன் அடியில் இருந்த பச்சையோடு ஒரு சிம்பை வெட்டி எடுத்துக்கொண்டேன். ராத்திரி எட்டு மணிக்குக் கடையில் ரால் கார்டை (நிறத்துக்கு ஒரு நம்பர் போட்ட ஜெர்மன் கார்டு) விரித்தேன். டியூப்லைட்டில் 6005 என்ற பச்சை அப்படியே பொருந்தியது. மூன்று கதவையும் அடித்து மாட்டியாகிவிட்டது.

மறுநாள் காலை வளவில் வெளிச்சம் இறங்கியபோது ஆச்சி காபி டம்ளரோடு வந்தார். புதுக் கதவில் கையை வைத்தார், பக்கத்துக் கதவிலும் வைத்தார். "தம்பி, இது நம்ம வீட்டுப் பச்சை இல்லையேப்பா" என்றார். கோபமே இல்லை. சிம்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். புதுசு நீலத்தில் நின்றது, சிம்பு மஞ்சளில் நின்றது. ராத்திரி ஒன்றாகத் தெரிந்த இரண்டும்தான். நான்கு மாதம் ஆகிறது, ஆச்சி கை வைத்த இடம் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் எந்தக் கார்டு வைத்திருக்கிறீர்கள்?

பழைய_புல்லட்:
எனக்கு வெளிச்சம் பிரச்சினை இல்லை, பளபளப்பு. அப்பாவின் வண்டிக்கு டேங்க் ஒரு இடம், டூல்பாக்ஸ் ஒரு இடம் என்று அடிக்கக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே ரால் நம்பர்தான் சொன்னேன். ஒருவர் பளபளப்புக் கார்டைப் பார்த்துக் கலந்திருக்கிறார், மற்றவர் அரை மங்கல் கார்டைப் பார்த்திருக்கிறார். ராலில் அரை மங்கலுக்கு 840 எச்ஆர், பளபளப்புக்கு 841 ஜிஎல் என்று இரண்டு கார்டு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வண்டியில் பூட்டிப் பார்த்தால் டேங்க் ஆழமான சிவப்பு, டூல்பாக்ஸ் பால் கலந்த மாதிரி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, டூல்பாக்ஸ் பக்கம் மட்டும் போகாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

லேத்_கோவை:
எல்லோரும் ராலையே பிடித்துத் தொங்குகிறீர்களே. ரால் ஜெர்மனியில் 1927இல் 40 நிறத்தோடு தொடங்கியது. நம் ஊர்ப் பழைய மெஷின், மோட்டார், பம்பெல்லாம் பிரிட்டிஷ் கார்டையோ அதன் வழிவந்த நம் இந்தியத் தர நிர்ணய ஐஎஸ் 5 கார்டையோ பார்த்து அடித்தவை. அந்த நம்பர்கள் மூன்று இலக்கம், ரால் நான்கு இலக்கம். இது தெரியாமல் நான் பட்டதைக் கேளுங்கள். மில்லில் இருந்து வந்த பழைய லேத்தின் பராமரிப்பு நோட்டில் "பெயிண்ட் 632" என்று இருந்தது. கடைப் பையன் "ஒரு சைபர் விட்டுப்போயிருக்குண்ணா" என்று 6032 கலந்து கொடுத்தான். டப்பாவைத் திறந்தால் பளீரென்ற பச்சை. 632 என்பது டார்க் அட்மிரால்டி கிரே, கப்பல் சாம்பல்!

இனி காரைக்குடித் தம்பிக்கு. கார்டைக் கடை வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம், காலை பத்து மணிக்கு மேல், மூட்டம் போட்ட நாளாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் அதே ஜோடியைக் குண்டு பல்பு அடியிலும் பாருங்கள். ஒரு வெளிச்சத்தில் ஒத்து இன்னொன்றில் பிரிந்தால், இரண்டிலும் இருக்கும் வண்ணப்பொடி வேறு என்று பொருள். அதற்கு வேறு நம்பர் தேடுவது வீண், வேறு பொடி போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். சாம்பல் நிற அட்டையில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் பழசும் மற்றதில் கார்டும் மட்டும் தெரியும்படி பிடியுங்கள். சுற்றியிருக்கும் நிறம் கண்ணை இழுக்கும். கார்டைக் கடை வாசலில் தொங்கவிடாமல் உறையில் போட்டு வையுங்கள், வெளுத்த கார்டு எதற்கும் ஆகாது. கார்டை வைத்து நெருங்கலாம், முடிவு மட்டும் மாதிரிப் பலகையில்தான். இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் பாருங்கள்.

போர்டு_எழுதுபவன்:
பான்டோன் கார்டு வாங்கிவிடாதீர்கள். அது அச்சு மைக்கு. தாளில் பார்த்த மஞ்சளைச் சுவரில் தேடி ஒரு வாரம் போனது எனக்கு.

சுண்ணாம்பு_புதுவை:
லேத் அண்ணன் சொன்னது சரி, ஆனால் கீலடியை யாரும் கேள்வி கேட்கவில்லையே. ஆளிவிதை எண்ணெயில் கலந்த பெயிண்ட் இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும். வெயில் படாத இடம் என்பதாலேயே அது ஆதி நிறம் ஆகிவிடாது. சிம்பைக் கண்ணாடி ஜன்னல் ஓரம் சில வாரம் வைத்துப் பாருங்கள், மஞ்சள் இறங்கும்.

என் கதை சுவர். மஞ்சள் காவி கலந்த சுண்ணாம்புச் சுவரில் ஒரு இடம் மட்டும் பூச வேண்டியிருந்தது. ஈரத்தில் கார்டோடு பொருத்தி அடித்துவிட்டுப் போனேன். இரண்டு நாள் கழித்து வந்தால் சுவரில் வெள்ளைத் துணி ஒட்டிய மாதிரி ஒரு திட்டு. சுண்ணாம்பு காயக் காய வெளுக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அன்றைக்கு அவசரப்பட்டேன். நான் வைத்திருப்பது ஸ்வீடனின் என்சிஎஸ் நிறக் கார்டு. ராலில் இருநூற்றுச் சொச்சம் நிறம்தான், பழைய வீட்டு நிறங்கள் பெரும்பாலும் அதன் இடுக்குகளில் விழும். என்சிஎஸ்ஸில் கறுப்பு எவ்வளவு, நிறம் எவ்வளவு என்று நம்பரிலேயே இருக்கும். "இதைவிடக் கொஞ்சம் கறுப்புக் கூட" என்று எழுதி வைக்கலாம்.

காரைக்குடி_மரவேலை:
சுண்ணாம்பு அண்ணன் சொன்னபடி சிம்பைப் பாதி மறைத்து ஜன்னலில் வைத்தேன். மூன்று வாரம் ஆகிறது. மறைத்த பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு விழுந்திருக்கிறது. திறந்த பாதி, நான் அடித்த பச்சையை நோக்கிக் கொஞ்சம் வந்திருக்கிறது. முழுசாக வரவில்லை. என்சிஎஸ் கார்டு ஒருவரிடம் இரவல் கிடைத்திருக்கிறது, சிம்பின் நிறம் அதில் இரண்டு தாளுக்கு நடுவில் நிற்கிறது. மூன்று பலகை அடித்து வளவில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆச்சி தினமும் காலையில் நடுப் பலகையைத்தான் தொட்டுவிட்டுப் போகிறார்.