இட் டேக்ஸ் டூ: கன்ட்ரோலரே பிடிச்சுப் பழகாத ஆளோட எப்படி ஆடுறது?

குழித்துறைக்காரன்:
இட் டேக்ஸ் டூ, ரெண்டு பேர் சேந்து ஆடுற வீடியோ கேம். பிசியில ஸ்ப்ளிட் ஸ்கிரீன், ஒரே திரையை ரெண்டாப் பிரிச்சு ஆடுறோம். வீட்டுக்காரிக்கு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், எனக்குக் கீபோர்டு. அவ இதுவரை ஆடினது போன்ல மிட்டாய் உடைக்குற கேம் மட்டும். கேம் ஆரம்பத்துல, கொட்டகையில ஃப்யூஸைத் துரத்துற இடத்துலேயே சுவரைப் பாத்துக்கிட்டு நிக்குறா. கேமராவை, அதாவது திரையில பாக்குற கோணத்தை, திருப்பினா நடை நிக்குது, நடந்தா கேமரா நிக்குது. வாங்கிச் செஞ்சு கொடுத்தா கோவம் வருது. என்ன வழி?

தக்கலை கட்டைவிரல்:
அண்ணே, கன்ட்ரோலரை வாங்காதீங்க, அதுதான் முதல் விதி. மைனிக்குச் சிக்கல் வலது கட்டைவிரல்ல. கேமராவைத் திருப்பவும் அதே விரல், குதிக்க ஏ பட்டன் அமுக்கவும் அதே விரல். அதனால "நில்லு, பாரு, அப்புறம் குதி"ன்னு பழக்குங்க. குதிக்குறதுக்கு முன்னாடியே கேமரா போற திசைக்குத் திரும்பியிருக்கணும்.

புதுசா பிடிக்குறவங்க கேமராவைத் திருப்புற வலது ஸ்டிக்கை ஓரம் வரைக்கும் தள்ளிருவாங்க, படம் சுழண்டுரும். செட்டிங்ஸ்ல கேமரா சென்சிட்டிவிட்டியை (திரும்புற வேகத்தை) நல்லாக் குறைங்க. ஸ்டிக்கை மேல தள்ளினா மேல பாக்கணுமா, கீழயான்னு அவங்களையே கேட்டு இன்வர்ட் (மேல்-கீழ் திசையை மாத்துற செட்டிங்) வைங்க. நமக்குப் பழகினது அவங்களுக்குத் தலைகீழா இருக்கலாம்.

பத்து நிமிஷம் ஆபத்தில்லாத இடத்துல நீங்க சுத்தி ஓடுங்க. அவங்க நின்ன இடத்துல நின்னே உங்களைத் தன் பாதித் திரையோட நடுவுல வச்சிருக்கணும். அது வந்தபிறகு நடந்துக்கிட்டே. டபுள் ஜம்ப்ல, அதாவது அந்தரத்துல இன்னொரு தடவை குதிக்கும்போது, ரெண்டாவது அமுக்கு உச்சியில விழணும். டக்கு டக்குன்னு அமுக்கினா உயரம் கிடைக்காது, பள்ளம்தான்.

கேம்ல கோடி, மேன்னு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர். கொட்டகையில மேயை அவங்களுக்குக் கொடுங்க. கோடி ஆணியைக் குறி பாத்து எறியணும், அதுக்கு ட்ரிகரும் (கன்ட்ரோலர் பின்பக்க பட்டன்) வலது ஸ்டிக்கும் சேந்து வேணும். மேய்க்குச் சுத்தியல் அடியும், கோடி எறிஞ்ச ஆணியில ஊஞ்சலாடுறதும்தான். அடுத்து மரத்துக்குப் போனதும் அவங்களுக்குக் கோடியைக் கொடுத்து மாத்திருங்க: பிசின் துப்பாக்கி கோடி கையில. கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் பரவாயில்ல, மே விடுற தீக்குச்சிதான் நேராப் படணும்.

பாறசாலை பக்கத்து வீடு:
பாஸ் சண்டை, அதாவது பெரிய வில்லனோட சண்டை, வந்தா உங்க வேலை அடிக்குறது இல்ல, சாகாம இருக்குறது. ஒருத்தர் செத்தா பட்டனை வேகமா அமுக்கித் திரும்பி வரலாம். ரெண்டு பேரும் ஒண்ணாச் செத்தாத்தான் பழைய செக்பாயின்ட்டுக்கு, அதாவது கடைசியா சேவ் ஆன இடத்துக்கு, போகும். அவங்க திரும்புறவரை தூர ஓடுங்க. சாதாரண இடத்துல செத்தா அபராதமே கிடையாதுன்னு முதல்லயே சொல்லிருங்க, பாதிப் பயம் போயிரும்.

கேமராவே வேண்டாம்னா ஓவர்குக்ட்னு சேந்து சமைக்குற கேம் இருக்கு, வலது ஸ்டிக்குக்கு வேலை இல்ல. ஆனா நேரம் ஓடும், சட்டி கருகும், புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு அதைவிட நல்ல கேம் கிடையாது. அதோட ஆல் யூ கேன் ஈட் பதிப்புல அசிஸ்ட் மோட் (ஆட்டத்தைச் சுலபமாக்குற வசதி) போட்டுக்கிட்டா நேரம் கூடக் கிடைக்கும்.

குழித்துறைக்காரன்:
இன்வர்ட்தான் காரணம் போல, மாத்தினதும் சுவர் போச்சு. அவ நாத்தனாருக்கும் ஆடணுமாம், அவங்க நெய்யாற்றின்கரையில. கேமை இன்னொண்ணு வாங்கணுமா? ஐப்பசி இடிக்குக் கரண்ட் போனா?

தக்கலை கட்டைவிரல்:
வேண்டாம். ஃப்ரெண்ட்ஸ் பாஸை (கேம் வாங்கினவங்களோட சேந்து ஆடுறதுக்கான பதிப்பு) அவங்க இலவசமா இறக்கிக்கலாம், ஒருத்தர் வாங்கினாப் போதும். அவங்களும் பிசியில இருக்கணும்; பிளேஸ்டேஷன்ல இருந்து சேர முடியாது. 2025-ல வந்த ஸ்ப்ளிட் ஃபிக்ஷன் கேம்லதான் அது நடக்கும். கரண்ட் போனா கடைசி செக்பாயின்ட் வரைக்கும் தானா சேவ் ஆகியிருக்கும். ஆனா இடி கேட்டதுமே பிளக்கையும் நெட் கேபிளையும் பிடுங்கிருங்க மக்கா, ரவுட்டருக்குச் செக்பாயின்ட் இல்ல.