புதுப்பிப்பு: சாவியை வாயில் எடுக்க மறுத்த குட்டி

உதவி நாயாக (உடல் இயலாதவர்களுக்கு அன்றாட வேலைகளில் துணைசெய்யும் நாய்) பழக்கிவரும் என் 8 மாத லாப்ரடார், கீழே விழுந்த துணி, பந்து எல்லாவற்றையும் எடுத்துத் தரும். சாவிக்கொத்தை மட்டும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "உலோகம் பல்லில் படுவது பல நாய்களுக்குப் பிடிக்காது, துணி சுற்றிப் பாருங்கள்" என்ற யோசனைதான். பழைய காலுறையைச் சாவி தெரியாதபடி சுற்றினேன். முதல் நாளே கவ்வியது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்தேன். நடுவில் அவசரப்பட்டுப் பாதியை வெட்டிவிட்டேன். பழைய கதைதான், முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. சரி என்று மறுபடி முழுசாகச் சுற்றி ஆரம்பித்தேன். 5 வாரத்தில் வெறும் சாவி, எச்சில் சொட்டச் சொட்ட, என் உள்ளங்கைக்கு வந்தது.

பயிற்சித் தீனியை அன்றைய உணவு அளவிலிருந்தே எடுத்தேன். தடவினால் விலா எலும்பு இன்னும் கையில் தட்டுப்படுகிறது; சதை போடவில்லை.

எதிர்பாராதது ஒன்று: தீனி ஆசையில், கேட்காமலே செருப்பு, ரிமோட் என்று கொண்டுவந்து குவித்தது. சொல்லாமல் எடுத்து வந்தால் தீனி இல்லை என்றாக்கியதும் குறைந்திருக்கிறது. முழுதாக நிற்கவில்லை.

அப்புறம், ஆள் அதன்மேல் ஊன்றி எழும் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டேன். எலும்பு வளர்ந்து முடிந்து, இடுப்பு எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் அது என்று கால்நடை மருத்துவரும் சொல்லிவிட்டார்.