கடும் ரத்தப்போக்கு: சலைனா, ரிங்கர் லாக்டேட்டா, ரத்தமா?

கேள்வி – பயிற்சி மருத்துவர்
சாலை விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து, தொடையிலும் காயத்தோடு வந்த ஒருவருக்கு அரை மணி நேரத்திற்குள் மூன்று லிட்டர் சலைன் (உப்புநீர்) ஏற்றினோம். ரத்த அழுத்தம் சற்று ஏறியது; ஆனால் காயத்தில் கசிந்தது உறையாமல், பஞ்சில் இளஞ்சிவப்புத் தண்ணீராக ஊறியது. பல உப்புகளும் லாக்டேட்டும் கலந்த ரிங்கர் லாக்டேட் திரவம் கொடுத்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா? அல்புமின் (ரத்தப் புரதம்), ஸ்டார்ச் (மாவுச்சத்துக் கரைசல்) ஆகியவை பயன்படுமா?

பதில் – மயக்கவியல் மருத்துவர்
பெரிதாக மாறியிருக்காது. சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு உள்ளது. நம் ரத்தத்தில் இருப்பதோ ஏறத்தாழ 100தான். அதனால், ஆக்சிஜன் எட்டாமல் ஏற்கெனவே அமிலமேறிய உடலில் அமிலம் மேலும் கூடுகிறது. ரிங்கர் லாக்டேட்டில் குளோரைடு 109 மட்டுமே என்பதால் அதையே நான் விரும்புவேன். ஆயினும் ரத்தத்தை உறையவைக்கும் உறைவுக் காரணிகளும் தட்டணுக்களும் இரண்டிலுமே கிடையாது. சூடேற்றாமல் ஏற்றினால் இரண்டும் உடலைக் குளிரவைக்கும். திரவத்தை அவசரமாக ஏற்றுவதே தீங்காகலாம்: ஹூஸ்டனில் உடற்பகுதியில் துளைக்காயம் பட்ட 598 பேரிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், அறுவைக்கூடம் செல்லும்வரை திரவம் ஏற்றப்படாதவர்களில் 70 விழுக்காட்டினரும், உடனே ஏற்றப்பட்டவர்களில் 62 விழுக்காட்டினரும் பிழைத்தனர். தலைக்காயத்தில் அல்புமின் இறப்பைக் கூட்டியது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஸ்டார்ச்சை மறந்துவிடுங்கள்.

பதில் – ரத்த வங்கி மருத்துவர்
இழந்தது ரத்தம், ஈடுசெய்ய வேண்டியதும் அதுவே. 680 பேரிடம் நடந்து 2015இல் வெளியான பிராப்பர் ஆய்வில், பிளாஸ்மா (உறைவுக் காரணிகள் உள்ள ரத்தத் திரவம்), தட்டணு, சிவப்பணு ஆகியவற்றைச் சமவிகிதத்தில் பெற்றவர்களில் 24 மணி நேரத்திற்குள் ரத்தம் வடிந்து இறந்தவர்கள் 9.2 விழுக்காடு; சிவப்பணு இரட்டிப்பாகத் தரப்பட்ட பிரிவில் அது 14.6. மொத்த இறப்பில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கப் பையில் சேர்க்கப்படும் சிட்ரேட், உறைவதற்குத் தேவையான கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் கால்சியமும் சேர்த்துக் கொடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

பதில் – வட்டார மருத்துவமனை மருத்துவர்
ரத்தம் வந்து சேரும்வரை நாங்கள் திரவத்தை 250 மில்லிலிட்டராகவே கொடுத்து, ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 80–90 அளவில் வைத்திருப்போம். தலைக்காயம் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. மூன்று மணி நேரத்திற்குள் வந்தவருக்கு ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், பத்து நிமிடத்தில் செலுத்துவோம். அது இருக்கட்டும், உள்ளே ரத்தம் கசிவது குறைய இடுப்பைப் போர்வையாலாவது இறுக்கிக் கட்டினீர்களா?

கேட்டவர்
இல்லை ஐயா. பை தீரத்தீர அடுத்ததை மாட்டுவதிலேயே அனைவரும் இருந்தோம்.