65% மத்திய அரசுப் பணம் என்கிறார்களே, மெட்ரோ கடனை அடைக்கப்போவது யார்?

போரூர்_வாசி:
சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். மொத்தச் செலவு 63,246 கோடி, அதில் 65 சதவீதம் மத்திய அரசு என்று செய்தி வந்தது. ஆனால் வேலை அதற்கு முன்பே எங்கள் ஆற்காடு சாலையைத் தோண்டிப் போட்டு நடந்துகொண்டுதானே இருந்தது, அது யார் காசு? ஜப்பான் கடன் என்றும் ஒரு பேச்சு. கட்சிச் சண்டை வேண்டாம், கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர்77:
63,246 கோடியை மூன்று துண்டாகப் பாருங்கள். 33,593 கோடி கடன். 7,425 கோடி மத்திய அரசு பங்கு மூலதனமாகவும் சார்நிலைக் கடனாகவும் (மற்ற கடன்களை அடைத்த பிறகு திருப்பிக் கட்டும் கடன்) போடுவது. மீதி 22,228 கோடி மாநில அரசுடையது. முதல் இரண்டையும் கூட்டினால்தான் அந்த 65 வரும். கடனை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் மொத்தச் செலவில் மத்திய அரசின் பங்கு 12 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே, மாநிலத்தின் பங்கு 35.

கடன் ஜைக்கா (ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பு), ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி என்று நாலு இடத்திலிருந்து வருகிறது. திருப்பிக் கட்ட வேண்டியது சென்னை மெட்ரோ நிறுவனம். வேலை முடிந்து குறைந்தது ஐந்து ஆண்டு கழித்துத்தான் பொதுவாகத் தவணை தொடங்கும். நிறுவனத்தால் கட்ட முடியாத ஆண்டுகளில் மாநில அரசு பணம் கொடுத்து உதவ வேண்டும் என்று மத்திய அரசின் அறிவிப்பே சொல்கிறது. ஆக உங்கள் கேள்விக்குப் பதில்: முதலில் டிக்கெட் வாங்குபவர், அது போதாவிட்டால் தமிழ்நாட்டில் வரி கட்டுபவர்.

2024-க்கு முன்பு இது மாநிலத் துறைத் திட்டம். செலவில் ஏறக்குறைய 90 சதவீதம் மாநிலத்தின் தலையில்.

மணலி_முரளி:
அப்படியென்றால் ஒப்புதலால் என்ன மாறியது? பெயர்ப்பலகையா?

கணக்கர்77:
இல்லை, மாறியது பெரிய விஷயம், அதை யாரும் சரியாகப் பேசுவதில்லை. ஒரு மாநிலம் ஆண்டுக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது. முன்பு இந்த வெளிநாட்டுக் கடன் முழுவதும் மாநிலக் கணக்கில் ஏறி அந்த வரம்பைத் தின்றுகொண்டிருந்தது, அதாவது மெட்ரோவுக்கு வாங்கிய ஒவ்வொரு ஆயிரம் கோடிக்கும் பள்ளிக்கூடத்துக்கோ குடிநீருக்கோ வாங்கக்கூடிய ஆயிரம் கோடி குறைந்தது. இப்போது அது மத்திய அரசின் கடனாகக் கருதப்பட்டு நேராக மெட்ரோ நிறுவனத்துக்குப் போகிறது. 33,593 கோடிக்கு மாநிலத்துக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. இலவசம் இல்லை, ஆனால் சின்ன உதவியும் இல்லை.

தண்டவாளப்_பித்தன்:
கடன் பற்றிச் சொல்லியாயிற்று, திட்டமிடல் பற்றியும் கொஞ்சம். 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம்: மாதவரம் – சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி, மாதவரம் – சோழிங்கநல்லூர். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். இதில் 40 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம், செலவு எகிறுவது அங்கேதான். கோவைக்குப் போட்ட திட்டம் 39 கிலோமீட்டருக்கு 10,740 கோடி, கிலோமீட்டருக்கு 275 கோடிதான். காரணம் அது தூண்மேல் பாதை.

போரூர்_வாசி, உங்கள் ஆற்காடு சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலை குறுகல், மூன்றில் இரண்டு வழித்தடம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். தனித்தனியாகத் தூண் போட்டால் இருபக்கமும் கடைகளை இடிக்க வேண்டியிருக்கும். அதனால் ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம் பக்கம் சுமார் 4 கிலோமீட்டருக்கு ஒரே தூணில் இரண்டு அடுக்காகக் கட்டுகிறார்கள். பார்க்க அழகில்லை என்று திட்டுகிறார்கள், ஆனால் மிச்சமான நில எடுப்பை நினைத்துப் பாருங்கள். இந்த ஊரில் ரயில் திட்டத்தைக் கொல்வது இரும்போ சிமெண்டோ இல்லை, நில வழக்கு. வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் மொத்தமே 5 கிலோமீட்டர், அதில் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் எத்தனை ஆண்டு போயிற்று!

அவிநாசி_ரோடு:
கோவை பேரை எடுத்ததால் கேட்கிறேனுங்க. எங்கள் மெட்ரோ திட்டத்தையும் மதுரைத் திட்டத்தையும் 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள் வேண்டும், 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சியில் சுமார் 15.8 லட்சம்தான் என்பது காரணம். ஆனால் சுற்றியிருக்கிற நகர்ப்பகுதியையும் சேர்த்தால் அதே 2011-லேயே 21 லட்சம். ஆக்ரா, பாட்னாவுக்கெல்லாம் கொடுத்தார்களே, அங்கே மட்டும் மாநகராட்சி எல்லைக்குள் 20 லட்சம் இருந்ததா?

தண்டவாளப்_பித்தன்:
உங்கள் கோபம் நியாயம்தான், பதினாலு ஆண்டுக்கு முந்தைய தலைக்கணக்கை வைத்து இனி வரப்போகிற பாதையைத் தீர்மானிப்பது எனக்கும் உறுத்துகிறது. மதுரை கணக்கு வேறு, அங்கே சுற்றுப்பகுதியைச் சேர்த்தாலும் 2011-இல் 15 லட்சம்தான் தேறும். ஆனால் ஒன்று சொல்லட்டுமா, பயணிகள் எண்ணிக்கைக் கணிப்பு எந்த ஊரிலும் கொஞ்சம் கனவு கலந்துதான் வரும். சென்னை முதல் கட்டத்திலும் அப்படித்தான். 2024-இல் ஆண்டு முழுக்க சுமார் 10.5 கோடிப் பயணம், நாளுக்கு மூன்று லட்சம்கூட இல்லை, திட்ட அறிக்கை எதிர்பார்த்தது இதைவிட அதிகம்.

மணலி_முரளி:
இதைத்தான் நான் நாலு வருஷமாகக் கத்துகிறேன். இந்தப் பணத்தில் ஒரு பங்கு போதும், சென்னை முழுக்கத் தாழ்தளப் பேருந்து நிரம்பி வழியும். இல்லாவிட்டால் தனியாரிடம் விடுங்கள், லாபம் வந்தால் அவன் நடத்தட்டும்.

ஐதராபாத்_தமிழன்:
தனியாரா? எங்கள் ஊர் கதை கேளுங்கள். 69 கிலோமீட்டர், எல் அண்ட் டி கட்டி நடத்தியது. டிக்கெட்டில் பாதி, மீதியில் பெரும்பகுதி நிலையங்களைச் சுற்றிய வணிக வளாக வாடகையில் என்று போட்ட மாதிரி கணக்கு. வாடகை எதிர்பார்த்தபடி வரவில்லை, நடுவில் கொரோனா, வட்டி மட்டும் நிற்காமல் ஏறியது. 2025 செப்டம்பரில் நிறுவனம் விலகுவது என்றும் தெலங்கானா அரசே கடனோடு சேர்த்து எடுத்துக்கொள்வது என்றும் முடிவானது. லாபம் வருமென்றால் தனியார், வராவிட்டால் அரசு, அவ்வளவுதான் இந்த ஏற்பாடு.

பேருந்து விஷயத்தில் மட்டும் முரளி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக ஆட்டோவுக்கு மெட்ரோ டிக்கெட்டைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருந்தால் எவன் ஏறுவான்?

போரூர்_வாசி:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: கடனை டிக்கெட்டில்தான் அடைக்க வேண்டுமென்றால் கட்டணம் ஏறுமா?

கணக்கர்77:
டிக்கெட் காசில் ஓட்டும் செலவு தேறினாலே பெரிய விஷயம், கட்டிய கடனை டிக்கெட்டில் மட்டும் அடைத்த மெட்ரோ நம் நாட்டில் இல்லை. அதற்காகத்தான் மகாராஷ்டிரத்தில் மும்பை, புனே, நாக்பூரில் வீடு வாங்கும்போது முத்திரைத் தீர்வையோடு மெட்ரோவுக்கென்று 1 சதவீதம் கூடுதலாக வாங்குகிறார்கள். பாதை வந்ததால் விலை ஏறிய நிலத்தில் ஒரு பங்கு பாதைக்கே வரட்டும் என்ற கணக்கு. போரூரில் உங்களுக்குச் சொந்த இடம் இருந்தால் என்மேல் கோபப்படாதீர்கள், இங்கேயும் அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் கருத்து.

கட்டணம்? பெங்களூரில் 2025 பிப்ரவரியில் உச்சக் கட்டணத்தை 60-லிருந்து 90 ரூபாய்க்கு ஏற்றினார்கள், கூட்டம் உடனே குறைந்தது, சில நாளில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். அந்த நேரத்தில் சென்னையில் உச்சம் 50. இரண்டாம் கட்டம் முழுவதும் ஓடத் தொடங்கி தவணையும் ஆரம்பிக்கும்போது அந்த 50 அப்படியே இருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.